மூன்றில் இரண்டு

அக்டோபர் 5, திங்கள்

இந்த நோட்டு ஒரு தண்டனை.

குற்றம்: ஆல்டர் க்ரீக் நகர நூலகத்தின் மேப்பிள் தெருக் கிளையில், புத்தகம் திருப்பிப் போடும் பெட்டியின் மேல் 'சைவப் புத்தகங்கள் மட்டும்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்து ஒட்டியது. வெள்ளிக்கிழமை ஒட்டினேன். சனிக்கிழமை ஒரு அம்மையார் ஆறு கொலைக் கதைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்து, இவை அசைவத்தில் சேருமா என்று கவலையோடு கேட்டிருக்கிறார். கேட்டது என் அம்மாவிடம். அங்கே புத்தகம் அடுக்குகிற வேலை அவளுக்கு. ஒட்டியது யார் என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவைப்படவில்லை.

தீர்ப்பு: நவம்பர் கடைசி வியாழன், அதாவது இங்கே எல்லாரும் வான்கோழி சாப்பிட்டு நன்றி சொல்லும் நாள்வரை, நான் தமிழில் நாட்குறிப்பு எழுத வேண்டும். கோவில்பட்டியில் நாலாம் வகுப்புவரை படித்த தமிழ் கலிபோர்னியாவில் துருப்பிடிக்கிறதாம்.

"யம்மா, நாட்குறிப்புன்னா ரகசியம்லா. நீ படிச்சா அது வீட்டுப்பாடம்."

"நான் எதுக்குட்டி படிக்கேன்? எழுதியிருக்கியான்னு பாத்துட்டுக் கையெழுத்துப் போடுவேன். அவ்வளவுதான்."

"சத்தியமா?"

"செண்பகவல்லித் தாயி மேல சத்தியம்."

செண்பகவல்லி எங்கள் ஊர் அம்மன். என் பெயரும் அதுதான். பள்ளியில் 'ஷென்'. ஆக, சத்தியம் அம்மன் மேல் என்றாலும் விழுந்தால் என் தலையில்தான் விழும்.

அக்டோபர் 6, செவ்வாய்

இன்று பள்ளிக்குப் போகவில்லை. அப்பாவின் காரை ஐஸ்கிரீம் வண்டிக்காரரிடம் கொடுத்துவிட்டு அவர் வண்டியை வாங்கி வந்தேன். இரவுச் சாப்பாடு வெனிலா.

அக்டோபர் 7, புதன்

மேலே எழுதியது சோதனை. அதன் கீழே அம்மாவின் கையெழுத்து இருக்கிறது. 'உலகம்மாள்' என்று முழுதாக, ஓர் எழுத்து விடாமல். கடைசி 'ள்' மேல் புள்ளியைக் குத்துகிற குத்தில் அடுத்த பக்கத்திலும் பள்ளம் விழுகிறது.

ஐஸ்கிரீம் வண்டிக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. படிக்கவில்லை என்பது நிரூபணம். இனி நிம்மதியாக உண்மை எழுதலாம்.

அக்டோபர் 8, வியாழன்

இன்று அம்மா வேலையிலிருந்து வரும்போது முழங்கைவரை ஈரம். முதல் மழை. நூலகத்தில் பதினோரு வாளி வைத்தார்களாம். அந்தக் கட்டடத்துக்கு ஒழுக்கம் ரொம்ப அதிகம். எல்லா மூலையிலும் ஒழுகும்.

அதற்காகத்தான் மெஷர் டி. நவம்பர் 3 தேர்தலில் நகரம் மக்களைக் கேட்கிறது: கடன்பத்திரம் விற்று நூலகக் கூரை, தீயணைப்பு நிலையம், நீச்சல்குளம் மூன்றையும் சரி செய்யட்டுமா? வீட்டு வரியில் கொஞ்சம் ஏற்றி முப்பது வருஷத்தில் அடைத்துவிடலாம். பாதிப் பேர் சரி என்றால் போதாது. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஒரு 'இல்லை'யைச் சமாளிக்க இரண்டு 'ஆம்' பிறக்க வேண்டும். இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் என்னைவிடக் குறும்புக்காரர்.

தோற்றால் ஜூனில் கிளையை மூடிவிடுவார்கள். அம்மாவை மெயின் நூலகத்துக்கு மாற்றுவார்கள். ஃப்ரீவே என்கிற அதிவேகச் சாலையில் ஒன்பது மைல். அம்மா ஃப்ரீவேயில் ஓட்ட மாட்டாள். ஒரே ஒரு தடவை ஏறினாள். வெளியேறும் முதல் வழியிலேயே இறங்கி, ஒரு டயர் கடை வாசலில் நிறுத்தி, அப்பாவைக் கூப்பிட்டாள். அப்பா போய்ச் சேரும்வரை இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே இருந்தாளாம், இன்ஜின் அணைந்திருந்தும். மேப்பிள் தெருக் கிளைக்கு அவள் நடந்தே போய்விடுவாள். இந்த நாட்டில் அவள் யாரையும் கேட்காமல் போய்வருகிற ஒரே இடம் அது.

ஆனால் மெஷர் டி பற்றி வேலை நேரத்தில் அவள் வாய் திறக்கக் கூடாது. நகர ஊழியர்கள் ஓட்டுக் கேட்கக் கூடாது என்பது சட்டம். யாராவது கேட்டால் ஒரு தகவல் தாளை நீட்டலாம். 'ப்ளீஸ்' என்றால்கூடத் தப்பு என்று கிளையின் தலைமை நூலகர் டெனிஸ் சொல்லியிருக்கிறார்.

"பின்ன என்னம்மா பண்ணுவ?"

"வாளியக் கொண்டுபோயி அவுக கால்கிட்ட வப்பேன்."

அக்டோபர் 11, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை கேட்கலாம். டெனிஸ் விதிகளைப் பார்த்து உறுதி செய்துவிட்டார். அம்மா மூன்று நாளாகக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தாள்: 'வணக்கம், நான் உலகம்மாள், இந்தத் தெருவில் கடைசி வீடு.' மொழிபெயர்க்க நான்.

எட்டு வீட்டில் நாலு வீடு திறந்தது. நாலாவது மிஸ்டர் ஹார்லனுடையது. ஓய்வுபெற்ற பிளம்பர். 'நோ ஆன் டி', அதாவது டி வேண்டாம் என்கிற அணியின் தலைவரே அவர்தான். அவர் புல்தரையில் மட்டும் மூன்று போர்டு.

"கூரையைப் பத்து வருடம் முன்பே இருக்கிற வரிப்பணத்தில் சரி செய்திருக்க வேண்டும்" என்றார். "நகர சபையின் சோம்பேறித்தனத்துக்கு நான் ஏன் கடன் வாங்க வேண்டும்?"

அம்மா என் பக்கம் திரும்பினாள். "அவுக சொல்றது ஞாயந்தான். ஆனா மழை வந்து யாரு தப்புன்னு விசாரிச்சுட்டா ஒழுகுது? கேளு."

நான் கேட்டேன்: "உங்கள் தோட்டம் ரொம்ப அழகாக இருக்கிறது என்கிறார்."

"நன்றி. ரோஜா எல்லாம் என் மனைவி வைத்தது."

"என்னட்டி, ரோஜாங்காக?"

"கூரை மேல ரோஜா வைக்கலாம்ங்காக."

அம்மா என் தோளில் கிள்ளினாள். அப்போது அவர் அம்மாவைப் பார்த்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக விட்டுக் கேட்டார்: "உங்களுக்கு, இங்கே, ஓட்டு, உண்டா?"

இதற்கு என் சேவை தேவைப்படவில்லை.

"யெஸ்" என்றாள் அம்மா. "மார்ச் மாதம் முதல்."

வீடு வந்து சேர்ந்தோம். செருப்பைக் கழற்றும்போது, "நல்ல ரோஜாதான்" என்றாள்.

அக்டோபர் 17, சனி

ஓட்டுச்சீட்டுகள் தபாலில் வந்து ஒரு வாரமாக ஃப்ரிட்ஜ் மேல் இருந்தன. இன்று முகூர்த்தம். அம்மா சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, ஈரம் காயக் காத்திருந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மார்ச்சில் குடியுரிமைச் சத்தியம் எடுத்த அன்றே, மண்டப வாசலில் மேஜை போட்டிருந்தவர்களிடம் வாக்காளராகப் பதிந்துகொண்டாள். அப்பாவும் நானும் அப்போது கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தோம். ஆக, அவள் வாழ்க்கையில் தனியாகச் செய்த ஒரே அரசாங்கக் காரியம் அது.

'டி'க்கு நேரே இருந்த வட்டத்தை, கோலத்துக்குள் வண்ணப்பொடி நிரப்புவதுபோல் நிரப்பினாள்.

அப்பா எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, பரீட்சை எழுதுகிறவர்போல் சீட்டைக் கையால் மறைத்துக்கொண்டார்.

"நீங்க எதுக்குப்பா போட்டீங்க?"

"ரகசிய வாக்கெடுப்பு. நாட்டோட அஸ்திவாரமே அதுதான்."

உறையின் முதுகில் கையெழுத்துப் போட வேண்டும். அப்பாவின் கையெழுத்து இதய நோயாளியின் ஈசிஜி. அம்மா பேனாவை எடுத்ததும் அப்பா, "உலகு, அரசாங்கக் காகிதம். இங்கிலீஷ்ல போடு. அவனுக்குப் புரியணும்லா" என்றார். அம்மா ஒரு நிமிஷம் பேனாவைப் பிடித்தபடி இருந்தாள். பிறகு ஆங்கிலத்தில், கோடு போட்ட நோட்டில் எழுதும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல், ஒவ்வொரு எழுத்தாக நட்டாள்.

தபால்பெட்டியில் போட்டுவிட்டுப் பெட்டியைத் தட்டிக்கொடுத்தாள்.

அக்டோபர் 20, செவ்வாய்

மேப்பிள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலுமாக 'நோ ஆன் டி' போர்டுகள் பதினாலு. டி என்றால் டீ. டீ வேண்டாம் என்கிறவருக்கு வேறென்ன தர முடியும்? அதே எழுத்து, அதே சிவப்பு, ஒவ்வொரு போர்டின் அடியிலும் ஒரு பட்டை: 'காபி கொண்டு வா.'

காலை ஆறேகால். ஓட்டப்பந்தயப் பயிற்சிக்கு எப்படியும் அந்தத் தெருக்களில் ஓட வேண்டும். பதினாலு பட்டை, பதினாலு நிமிஷம்.

ஹார்லன் அம்மாவிடம் கேட்ட அந்தக் கேள்விக்காக இல்லை. பட்டை ஒட்டும் காகிதம் மிச்சம் இருந்தது, அவ்வளவுதான்.

அக்டோபர் 22, வியாழன்

மகத்தான வெற்றி. ஊர்க்காரர்களின் இணையப் பக்கம் முழுக்க போர்டுகளின் படம். காரை நிறுத்தி இறங்கிப் படம் எடுக்கிறார்கள். ஒருவர் ஹார்லன் வீட்டு வாசலில் நிஜமாகவே ஒரு காபி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அம்மா படத்தைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் கெமிஸ்ட்ரி புத்தகத்தைத் திறந்தேன். அதைத் திறந்ததுதான் தப்பு. அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

அக்டோபர் 23, வெள்ளி

ஹார்லன் அதே பக்கத்தில் எழுதியிருக்கிறார்: 'என் வாசல் கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. தேர்தல் போர்டைச் சேதப்படுத்துவது குற்றம். கவுண்டி தேர்தல் அலுவலகத்துக்குப் புகார் கொடுத்துவிட்டேன்.' கவுண்டி என்றால் இந்த ஊர் மாவட்டம்.

கேமரா. பதினாலு நிமிஷத்தில் அதை மட்டும் நான் பார்க்கவில்லை.

அக்டோபர் 24, சனி

தினமும் தபால் எடுத்து வருகிற பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அப்பாவுக்குப் பெருமை.

அக்டோபர் 29, வியாழன்

வந்துவிட்டது. அனுப்புநர்: கவுண்டி தேர்தல் அலுவலகம். உறையின் குறுக்கே இளஞ்சிவப்புக் கோடு. 'உடனே கவனிக்கவும்.' பெறுநர் அம்மா. எனக்கு வயது பதினாறு. எனக்கு வருகிற வினை அம்மா பெயருக்குத்தானே வரும்.

அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பது இந்த நாட்டில் பெரிய குற்றம். நான் பிரிக்கவில்லை. யாரும் திறக்காத ஓர் இடத்தில் பத்திரமாக வைத்திருக்கிறேன். கெமிஸ்ட்ரி புத்தகம்.

நவம்பர் 3, செவ்வாய்

தேர்தல். அம்மா வேலைக்குப் போகும்போது 'நான் வாக்களித்தேன்' ஸ்டிக்கரைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு போனாள். அதில் எதற்கு என்று எழுதியிருக்காது என்பதால் சட்டம் அனுமதிக்கிறது.

நவம்பர் 4, புதன்

முதல் எண்ணிக்கை: 'ஆம்' பதினோராயிரத்துச் சொச்சம். 66.2 சதவீதம். வேண்டியது 66.67. இன்னும் தபால் சீட்டுகள் மூட்டை மூட்டையாக எண்ண வேண்டுமாம். தினமும் மாலை ஐந்து மணிக்குப் புதுக் கணக்கு வெளியிடுவார்கள்.

அம்மா அப்பாவின் ஃபோனை வாங்கி அந்த எண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இந்தப் பதினோராயிரத்துல ஒண்ணு நான்" என்றாள்.

நவம்பர் 9, திங்கள்

66.4. அதோடு, இளஞ்சிவப்புக் கோட்டுடன் இன்னொரு உறை. கெமிஸ்ட்ரி புத்தகத்தில் ஜோடி சேர்ந்துவிட்டது. விரைவில் அதில் ஏதாவது வினை நடக்கலாம்.

நவம்பர் 13, வெள்ளி

66.5. அம்மா ஐந்து மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டு ஃபோன் முன்னால் உட்காருவது வழக்கமாகிவிட்டது. டெனிஸ்கூட அவளுக்கு மெசேஜ் அனுப்புகிறார்.

"ஒரு ஓட்டுல என்ன ஆயிரப்போகுது, விடு உலகு" என்றார் அப்பா.

"ஒரு ஓட்டுல ஒண்ணும் ஆகாதுன்னா எதுக்குப் பொத்திப் பொத்திப் போட்டீங்க?"

அப்பா தண்ணீர் குடிக்கப் போனார். முன்னால் இருந்த டம்ளரில் தண்ணீர் இருந்தது.

நவம்பர் 17, செவ்வாய்

குடிமையியல் வகுப்பில் ஆசிரியை மெஷர் டி பற்றிச் செய்தித்தாளைக் காட்டினார். நகரத்தில் நூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள் பிரிக்கப்படாமலே கிடக்கின்றன. உறையில் உள்ள கையெழுத்து, வாக்காளராகப் பதியும்போது போட்ட கையெழுத்தோடு பொருந்தவில்லை. அவர்களுக்குத் தேர்தல் அலுவலகம் கடிதம் அனுப்பியிருக்கிறது. உள்ளே ஒரு படிவம். மறுபடி கையெழுத்துப் போட்டுத் தந்தால் ஓட்டு எண்ணப்படும். கடைசி நாள் நவம்பர் 20, மாலை ஐந்து மணி. செய்தித்தாளில் அந்தக் கடிதத்தின் படமும் இருந்தது.

இளஞ்சிவப்புக் கோடு.

நான் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்டேன். அந்த வகுப்பு முடியும்வரை அங்கேயே இருந்தேன்.

நவம்பர் 18, புதன்

யம்மா,

தேர்தல் அலுவலகத்திலிருந்து உனக்கு இரண்டு கடிதம் வந்திருக்கிறது. முதலாவது வந்து மூன்று வாரம் ஆகிறது. ஹார்லன் போர்டில் காபிப் பட்டை ஒட்டியது நான். அதற்கான நோட்டீஸ் என்று நினைத்து மறைத்தேன். அது இல்லை. உன் ஓட்டை இன்னும் எண்ணவில்லை. கெமிஸ்ட்ரி புத்தகம், 212ஆம் பக்கம். வெள்ளிக்கிழமை ஐந்து மணிவரை நேரம் இருக்கிறது.

இன்று வேறு விசேஷம் இல்லை.

நவம்பர் 19, வியாழன்

காலையில் நோட்டைத் திறந்தேன். மேலே உள்ளதன் கீழே, 'உலகம்மாள்'. புள்ளி வழக்கம்போல் அடுத்த பக்கத்தில் பள்ளம் போட்டிருக்கிறது.

மனுஷி நிஜமாகவே படிக்கவில்லை. ஐஸ்கிரீம் வண்டிக்குக் கிடைத்த அதே ஒப்புதல்.

மாலை. அம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

"யம்மா, நேத்து நோட்டுல கையெழுத்துப் போட்டியே."

"போட்டேன். ஏன், கோணலா இருக்கா?"

"என்ன எழுதியிருந்துச்சுன்னு தெரியுமா?"

"படிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிருக்கேன்லா. எந்தலையா? உந்தலை."

இரண்டு உறைகளையும் மாவுப் பாத்திரத்தின் பக்கத்தில் வைத்தேன். வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நகைச்சுவை எதுவும் சேர்க்கவில்லை. சேர்க்க இடம் இருந்தது.

அம்மா கையைத் துடைத்துவிட்டுப் பிரித்தாள். விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள்.

"பொருந்தலங்காகளே. யாரு கையெழுத்து பொருந்தல?"

"உன்னோடது."

"நாந்தானட்டி போட்டேன்?"

"மார்ச்சுல, அந்த மண்டபத்து வாசல்ல எப்படிப் போட்ட?"

"எப்பவும் போடுற மாதிரி."

எப்போதும் போடுகிற மாதிரி என்றால் அது இந்த நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது.

அம்மா கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள். "அப்ப அந்தப் பதினோராயிரத்துல நான் இல்ல" என்றாள்.

தோசை கருகிவிட்டது. அதை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்ததை வார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் இன்னும் ஒரு பக்கம் எழுதலாம்.

நவம்பர் 20, வெள்ளி

அப்பா அரைநாள் விடுப்பு எடுத்தார். நேற்று அவரிடம் சொன்னபோது, "அஞ்சு மணிக்குள்ளயா?" என்று மட்டும் கேட்டார். தேர்தல் அலுவலகம் முப்பத்தோரு மைல். ஃப்ரீவே முழுக்க அம்மா முன்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். அப்பா வலதுபக்க லாரியைத் தாண்டாமல் மெதுவாகவே ஓட்டினார். மூன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், பச்சை நகப்பூச்சு, இருபது வயதுதான் இருக்கும். திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஒரு பக்கம் உறையில் நட்ட ஆங்கில எழுத்துகள். இன்னொரு பக்கம், திரை முழுக்க, 'உலகம்மாள்'.

"இது என்ன மொழி? அழகாக இருக்கிறது" என்றாள்.

"தமிழ்" என்றாள் அம்மா.

"நீங்கள் எப்போதும் எப்படிப் போடுவீர்களோ அப்படியே போடுங்கள். எங்களுக்குப் புரிய வேண்டிய அவசியம் இல்லை. இதோடு ஒத்துப்போனால் போதும்."

நான் மொழிபெயர்த்தேன். ஒரு சொல் மாற்றாமல். அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு விதிகளை ஊன்றிப் படித்துக்கொண்டிருந்தார்.

அம்மா போட்டாள். புள்ளி குத்திய சத்தத்தில் பச்சை நகக்காரி நிமிர்ந்து பார்த்தாள்.

நவம்பர் 26, வியாழன்

தண்டனைக் காலம் முடிந்தது. போர்டு விஷயத்துக்கு அம்மா தனித் தீர்ப்பு சொல்லியிருக்கிறாள்: ஹார்லன் வீட்டுக்குப் போய் நானே ஒத்துக்கொள்ள வேண்டும். எண்ணிக்கை முடியட்டும் என்று தவணை வாங்கியிருக்கிறேன். நோட்டில் பக்கங்கள் மிச்சம். வீணாக்கக் கூடாது என்பதற்காக மட்டும் எழுதுகிறேன்.

டிசம்பர் 1, செவ்வாய்

இறுதி முடிவு. பதிவானவை 18,630. வேண்டியது 12,420. கிடைத்தது 12,413.

ஏழு.

அம்மா வேலையில் இருந்தாள். காலையிலிருந்து மழை. எப்படியும் வாளிகளோடு நின்றிருப்பாள். அம்மாவின் ஓட்டு எண்ணப்பட்டுவிட்டது என்று தேர்தல் அலுவலகத்திலிருந்து வந்த மெசேஜும் இன்றுதான் கண்ணில் பட்டது. அவளுக்கு இரண்டையும் அனுப்பினேன். பதில்: 'சரி. குடை எடுத்துட்டு நாலு மணிக்கு வா.'

அப்பா வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற நாள். முடிவைச் சொன்னேன். "எத்தன?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு வெளியே போய்க் கார் கழுவினார். மழையில். முக்கால் மணி நேரம்.

கார் சுத்தமாகிவிட்டது. அதை மட்டும் குறித்து வைக்கிறேன்.

டிசம்பர் 3, வியாழன்

ஹார்லன் வீடு. அம்மா தெருமுனையில் நின்றுகொண்டாள். நான் மட்டும் போய் மணியடித்தேன். வாசல் கேமராவைக் கிட்டத்தில் பார்த்தேன். பிளாஸ்டிக் பொம்மை. உள்ளே ஒன்றுமில்லை.

"போர்டில் ஒட்டியது நான்தான். மன்னிக்க வேண்டும்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. உள்ளே போய்ப் பட்டை ஒட்டிய போர்டு ஒன்றைக் கொண்டுவந்தார். ஞாபகத்துக்கு எடுத்து வைத்திருக்கிறாராம்.

"உண்மையைச் சொல்லட்டுமா? செப்டம்பரிலிருந்து அந்தப் போர்டுகள் அங்கேதான் நின்றன. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. நீ ஒட்டின பிறகு காரை நிறுத்திப் படித்தார்கள். டி என்றால் என்ன என்று என்னிடம் வந்து கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் நான் பொறுமையாக விளக்கினேன்."

"எத்தனை பேர்?" என்றேன்.

"எண்ணவில்லை. முப்பது, நாற்பது இருக்கும்." பிறகு, "உன் அம்மாவின் நூலகம் மூடுவதில் எனக்குச் சந்தோஷம் இல்லை. நானும் அங்கே போகிறவன்தான்" என்றார்.

தெருமுனையில் அம்மா, "என்ன சொன்னாக?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல. மன்னிச்சுட்டாக."

முழு மொழிபெயர்ப்பு மேலே இருக்கிறது.

டிசம்பர் 5, சனி

நேற்று மாலை நோட்டை அம்மாவிடம் கொடுத்தேன். "படிச்சுட்டுப் போடு."

"சத்தியம் என்னாகும்?"

"எந்தலைதான. நான் விடுதலை தாரேன்."

அம்மா மேஜையைத் துடைத்து, ஈரம் காயக் காத்திருந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். நான் எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். ஐஸ்கிரீம் வண்டியில் மூக்கால் சிரித்தாள். ரோஜாவில், "அப்படியாட்டி சொன்ன?" என்று கையில் அடித்தாள். நவம்பர் 18இல் ரொம்ப நேரம் நின்றாள். தன் கையெழுத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். டிசம்பர் 3க்கு வந்ததும் நான் வெங்காயத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

"முப்பது நாப்பது பேரா" என்றாள்.

"ம்."

"மார்ச்சுல திருப்பியும் கேக்கப் போறாகளாம். டெனிஸ் சொன்னாக. நகர சபை இன்னொரு தடவ ஓட்டுக்கு விடுதாம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அதுக்கு மேப்பிள் தெருவுல எல்லா வீட்டுக்கும் போணும். நூத்தம்பது வீடு. ஒழுங்கா மொழிபெயர்க்கணும். ஹார்லன் வீட்டுக்கும்."

"சரிம்மா."

முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அம்மா ஒரு பக்கம் பின்னால் திருப்பினாள். டிசம்பர் 1. அதில் என்ன எழுதியிருந்தேன் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நோட்டைப் பிடுங்கப் போனேன். அம்மா கையை எட்டாமல் தூக்கிக்கொண்டாள்.

அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கார் வாசலில் பளபளவென்று நின்றது.

"ஏங்க," என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள், "மழையில கார் கழுவுனீகளாமே?"

முன்னறையில் டிவி சத்தம் நின்றது.

அப்பா வந்து சமையலறை வாசலில் நின்றார். அம்மா நோட்டை அவர் பக்கம் தள்ளி, பேனாவை மேலே வைத்தாள்.

"படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க. அவசரமில்ல. மார்ச்சு வரைக்கும் நேரம் இருக்கு."

அப்பா நின்றபடியே படிக்க ஆரம்பித்து, பிறகு உட்கார்ந்தார். ஈசிஜி வரும் இடத்தில் லேசாகச் சிரித்தார். டிசம்பர் 1இல் சிரிக்கவில்லை. தலையைத் தூக்காமல், "வரி கூடிருமேன்னு..." என்றார்.

"தெரியும்."

"உன் வேலையயும் நெனச்சேன்தான். ஏழு ஓட்டுலதான் போகும்னு யாரு கண்டா?"

"சரி, போடுங்க."

இப்போது டிசம்பர் 3இன் கீழே இரண்டு கையெழுத்துகள் இருக்கின்றன. ஒன்று ஈசிஜி. அதற்குமேல், 'படித்தேன். உலகம்மாள்.' இந்தப் பக்கத்தில் நான் எழுதிக்கொண்டிருக்கிற இடத்தில், அந்தப் புள்ளியின் பள்ளம். அதைச் சுற்றி எழுத வேண்டியிருக்கிறது.